கருத்தடை மருந்து வீடு வந்த வரலாறு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எண்டாவ் ரொம்பின் காடுகளுக்கு நுழைவாயில்போல் அமைந்த சிற்றூர் காஹாங். அதன் சுற்றுவட்டாரத் தோட்டம் ஒன்றில், எழுபதுகளின் பிற்பகுதியில், நான் சிறுவனாக இருந்தேன். எங்கள் லயத்து வீட்டில் அரிசி வைக்கும் பெரிய தகர டின் ஒன்று இருந்தது. பால் டின்னால் அரிசி அளந்து கொடுப்பது என் வேலை. ஒரு மாலை, அரிசிக்குள் கையை விட்டபோது, மெல்லிய அட்டை ஒன்று தட்டுப்பட்டது. அதில் சிறு மாத்திரைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. விளையாட்டுப் பொருளென்று எண்ணி, அதனைப் பாட்டியிடம் காட்டினேன். பாட்டி ஒன்றும் பேசாமல் அதை அடுப்பில் இட்டார். அன்றிரவு அன்னை உணவு கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு என் கடைசித் தங்கை பிறந்தாள். ஆறாவது பேறு அது. உதிரம் மிகுதியாகப் போனமையால் அன்னை நீண்டநாள் பெரட்டுக்குச் செல்ல இயலாமற் கிடந்தார். தங்கையின் வரவை நான் ஒருநாளும் குறையாகக் கருதியதில்லை. ஆயினும், அந்த அட்டையை அரிசிக்குள் ஏன் ஒளிக்க நேர்ந்தது என்னும் வினா, ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியில் பணியேற்ற பின்னரும் என்னை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவுக்கு விடைதேடிப் புறப்பட்டதே இக்கட்டுரை. ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் இப்பொருளைப் பேசலாமா எனச் சிலர் ஐயுறலாம். வீட்டில் பேசப்படாத ஒன்றைப் பள்ளியும் பேசாதுவிடின், அது அரிசி டின்னுக்குள்ளேயே கிடக்கும் என்பதே என் மறுமொழி.

சென்னையில் எழுந்த குரல்

கருத்தடை பற்றிய பொது விவாதம் தமிழகத்திற்குப் புதியதன்று. 1877ஆம் ஆண்டில், கருத்தடை முறைகளை விளக்கும் நூலொன்றை வெளியிட்டமைக்காக இலண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட இருவருள் ஒருவர் அன்னி பெசண்ட் அம்மையார். அவரே பின்னாளில் சென்னை அடையாற்றில் தங்கிப் பணிபுரிந்தார். ஆனால் அதற்கு முன்பே, ஆன்மிகக் கருத்துகளால் அம்முயற்சியிலிருந்து விலகிவிட்டார். 1928ஆம் ஆண்டில் சென்னையில் புதிய மால்தூசியர் கழகம் தோன்றிற்று. 1930ஆம் ஆண்டில் மைசூர் அரசு, அரசாங்கத்தின் பொறுப்பிலேயே கருத்தடை மருத்துவ நிலையங்களைத் திறந்து, உலகிற்கே முன்னோடியாயிற்று.

இக்கழகத்தார் பலரும் கருத்தடையை மக்கட்பெருக்கம், வறுமை, குழந்தைகளின் நலம் ஆகியவற்றின் பொருட்டே ஆதரித்தனர். இவ்விடத்தில் வேறொரு குரல் எழுந்தது. மலாயாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டு திரும்பிய அதே 1930ஆம் ஆண்டில், தந்தை பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். பிறர் கூறும் காரணங்களை அவர் மறுக்கவில்லை. எனினும், பெண் தன் உடலுக்கும் வாழ்வுக்கும் தானே உரியவளாக இருத்தல் வேண்டும் என்பதே தமது காரணம் எனத் தெளிவுபடுத்தினார். பாவேந்தர் பாரதிதாசன் ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ என்னும் பாடலில் இப்பொருளைக் கவிதைக்கும் உரியதாக்கினார். 1935ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கத் தாதி மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடியபோது, அடிகள் தன்னடக்கம் ஒன்றையே வழியாகக் கூறினார். தேவை உண்டு என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்; வழியில் வேறுபட்டனர்.

ஆனால் அக்காலத்துப் பொருள்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றனவாக இல்லை. ரப்பராற் செய்த சாதனங்கள் வெப்பத்தில் விரைந்து நைந்தன. நுரை மாத்திரைகள் ஈரம் பட்டால் வலுவிழந்தன. கருத்தடைப் பொருளை வீட்டில் எங்கே, எவ்வாறு வைப்பது என்னும் சிக்கல் அன்றே தொடங்கிற்று.

மாத்திரை தோட்டத்துக்கு வந்தது

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் அதற்கு முன்பே தொண்டு அமைப்புகள் களமிறங்கியிருந்தன. 1953ஆம் ஆண்டில் சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் உருவாயிற்று. மாநிலச் சங்கங்கள் பல தோன்றி, 1958ஆம் ஆண்டில் கூட்டமைப்பாக இணைந்தன. 1966ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தேசியக் குடும்பத் திட்டச் சட்டத்தை நிறைவேற்றி, அதற்கென ஒரு வாரியத்தையும் நிறுவிற்று. தொடக்க ஆண்டுகளில் அவ்வாரியத்தை நாடி வந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் தேர்ந்துகொண்டது மாத்திரையையே.

என் அன்னையின் கைக்கு வந்த அட்டை இவ்வரலாற்றின் ஒரு துளி. மருந்து நாடாளுமன்றத்திலிருந்து மருந்தகத்துக்கும், மருந்தகத்திலிருந்து லயத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் லயத்துக்குள் அதற்கென ஓர் இடம் இல்லை. கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் ஓரறையில் புழங்கும் வீட்டில், ஒரு பெண் தனக்கே உரியதெனக் கொண்ட இடம் எது? அவள் கையாளும் அடுக்களைதான். அதனுள்ளும் அரிசி டின்தான். அங்கும் ஒரு சிறுவனின் கை நுழைந்துவிட்டது.

அச்சத்தின் வேர்

பாட்டியின் செயலை அறியாமை என்று மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர்தம் காலத்தில் பிள்ளைகள் பலர் பிறந்து சிலரே பிழைத்தனர். பிள்ளைப்பேற்றைத் தடுப்பது குடும்பத்தின் வேரையே வெட்டுவதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். அன்றியும், அரசுகளின்மேல் மக்கள் கொண்ட ஐயத்துக்கும் காரணங்கள் இல்லாமலில்லை. இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலை நிலவியபோது, குடும்பக் கட்டுப்பாடு பல இடங்களில் கட்டாயமாக மாறிற்று. 1976-77 என்னும் ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் ஆண்களே மிகுதி.

நம் நாட்டில் காற்று வேறு திசையில் வீசிற்று. 1984ஆம் ஆண்டில், 2100ஆம் ஆண்டுக்குள் மக்கட்தொகை 7 கோடியை எட்டவேண்டும் என்னும் கொள்கை வகுக்கப்பட்டது. வாரியத்தின் பெயரும் மக்கட்தொகை, குடும்ப மேம்பாடு என மாறியது. ஓர் அரசு ‘குறைவாகப் பெறுக’ என்றது. மற்றோர் அரசு ‘மிகுதியாகப் பெறுக’ என்றது. பெறுபவளை யார் கேட்டனர்? பெரியார் 1930இல் எழுப்பிய குரலின் பொருள் இங்கேதான் விளங்குகின்றது.

அவசர மாத்திரை

நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை ஒருவகை. உறவு நிகழ்ந்த பின்னர், கருவுறுதலைத் தவிர்க்க உட்கொள்வது மற்றொரு வகை. ஆணுறை கிழிந்தபோதும், நாள் மாத்திரையை மறந்தபோதும், பெண்ணொருத்தி வன்முறைக்கு ஆளானபோதும் இப்பின்வகை தேவைப்படுகின்றது. இதனையே அவசரக் கருத்தடை என்பர்.

1974ஆம் ஆண்டில் கனடிய மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே, வழக்கமான கருத்தடை மாத்திரையிலுள்ள இருவகை ஹார்மோன்களையே மிகுந்த அளவில் கொடுத்துப் பயன்கண்டார். குமட்டலும் வாந்தியும் அம்முறையின் குறைகள். அதன்பின் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஒரே ஹார்மோனைக் கொண்ட மாத்திரை ஹங்கேரி நாட்டில் உருவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் பல நாட்டுப் பெண்களிடையே ஒப்பிட்டு, 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. யூஸ்பே முறையில் 100 பெண்களுள் ஏறத்தாழ மூவர் கருவுற்றனர். புதிய முறையில் ஏறத்தாழ ஒருவரே. மற்றோர் உண்மையும் அவ்வாய்வில் புலப்பட்டது. புதிய மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் உட்கொண்டால், எதிர்பார்க்கப்பட்ட கருவுறுதல்களுள் 95 விழுக்காடு தடுக்கப்பட்டது. மூன்றாம் நாளில் உட்கொண்டவர்க்கு அது 58 விழுக்காடாகக் குறைந்தது. 2002ஆம் ஆண்டின் ஆய்வு, 1.5 மில்லிகிராம் அளவை ஒரே வேளையில் உட்கொண்டால் போதும் எனக் காட்டிற்று.

இம்மருந்து கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகின்றது. ஏற்கெனவே உருவான கருவை இது கலைப்பதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமையே பல வீடுகளில் வீண்பழிக்கு வித்தாகின்றது.

வீட்டில் வைத்திருத்தல் தகுமா?

மருந்தின் ஆற்றல் மணிக்கு மணி குறையுமெனில், அது தேவைப்படும்போது கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர்கள் ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டில் எழுதினர். ஏறத்தாழ 1,100 பெண்களுள் ஒரு பாதியினரிடம் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து, வீட்டில் வைத்திருக்கச் செய்தனர். மறுபாதியினர் தேவைப்படும்போது மருத்துவரிடம் வந்து பெற்றனர். வீட்டில் வைத்திருந்தோர் அதனைக் கூடுதலாகப் பயன்படுத்தினர். ஆயினும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவில்லை. வழக்கமான கருத்தடை முறைகளையும் கைவிடவில்லை. இந்தியாவில் புனே நகரில் நடந்து, 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும், மாத்திரையைக் கைவசம் வைத்திருந்தோர், செய்தியை மட்டும் அறிந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்காக, தேவையின்போது அதனைப் பயன்படுத்தினர்.

மிகைபடக் கூறுதல் வரலாற்றுக்கு அழகன்று. பின்னர் வந்த ஆய்வுகளின் தொகுப்புகள், வீட்டில் மாத்திரை வைத்திருப்பதனால் மட்டும் ஒரு சமுதாயத்தின் விரும்பாக் கருவுறுதல் குறைந்துவிடவில்லை எனக் கண்டன. பெண்கள் மருந்தை விரைந்து உட்கொண்டனர், தீங்கு ஒன்றும் நேரவில்லை, அவ்வளவே. எனவே இது நாட்டின் கணக்கைத் திருத்தும் கருவியன்று. ஓர் இரவில், ஒரு பெண்ணுக்கு உதவும் பொருள்.

அப்பொருள் எளிதில் கிடைக்கின்றதா? இந்தியாவில் 2005ஆம் ஆண்டு முதல் மருத்துவர் சீட்டின்றி இம்மாத்திரையை விற்க வழி ஏற்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில், வெளிப்படையான தடை இல்லாதபோதும், பல ஆண்டுகளாக மருந்துக் கடைகள் பலவற்றில் அது கிட்டுவதில்லை எனச் செய்தித்தாள்கள் எழுதி வந்துள்ளன. சட்டம் கொடுத்ததைத் தயக்கம் பறித்துக்கொண்டது. காஹாங் போன்ற ஊர்களில் தடையாவது தொலைவு. தோட்டத்தின் உட்சாலையைக் கடந்து, வண்டி பிடித்து, குளுவாங் சென்று, மருந்தாளரிடம் கூச்சத்துடன் கேட்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். அவ்வொரு நாளின் விலை என்னவென்பதை மேலே கண்டோம்.

காத்து வைக்கும் முறை

வைத்திருக்க முடிவு செய்வோர் அறியவேண்டியன சிலவே. மாத்திரையை அதன் உறையிலும் பெட்டியிலும் வைத்தே காத்தல் வேண்டும். பெட்டியின்மேல் குறிக்கப்பட்ட வெப்பநிலை பெரும்பாலும் 25 அல்லது 30 பாகை செல்சியசாக இருக்கும், அதற்கு மேற்படலாகாது. தகரக் கூரையின்கீழுள்ள பரண், வெயிலில் நிற்கும் மகிழுந்து, அடுப்பின் அருகு, ஈரம் மிகுந்த குளியலறை ஆகியவை ஆகா. நிழலும் உலர்வும் உள்ள அலமாரி போதும், குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை. குழந்தைகளின் கைக்கு எட்டாதிருத்தல் இன்றியமையாதது. காலாவதி நாளை ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்து, கடந்ததை மாற்றிவிடல் வேண்டும். ஆணுறைக்கும் இவ்விதிகள் பொருந்தும். அதுவும் நம் பெற்றோர் சீவிய ரப்பர்தானே. வெப்பத்தில் அது நையும்.

உட்கொண்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாலும், வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து உட்கொண்டு வந்தாலும், மருந்தாளரையோ மருத்துவரையோ கேட்டல் வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சோதித்துப் பார்த்தல் வேண்டும். 72 மணி நேரம் கடந்தவர்க்கும் வழி அடைபடவில்லை. ஐந்து நாள்களுக்குள் மருத்துவர் பொருத்தும் செம்புக் கருத்தடைச் சாதனம் மிகுந்த பயன் தருவது. யுலிப்ரிஸ்டல் என்னும் மாத்திரையும் ஐந்து நாள்வரை உதவும். அது கிடைக்கும் இடங்களில் மருத்துவரைக் கேட்டறியலாம். இம்மாத்திரைகள் அவசரத்துக்கே. நாள்தோறும் கைக்கொள்ளும் முறைக்கு மாற்றாகா. பாலுறவால் பரவும் நோய்களை இம்மாத்திரைகள் தடுப்பதுமில்லை.

நிறைவாக

அன்று பிறந்த என் தங்கை இன்று தாதியாகப் பணியாற்றுகின்றாள். அவள் வீட்டு அலமாரியில் ஒரு மருந்துப் பெட்டி உண்டு. காய்ச்சல் மருந்தும், காயத்துக்குக் கட்டும் துணியும், கோடாலித் தைலமும் அதில் இருக்கும். அவற்றோடு, காலாவதி நாள் தெரியும்படி, அவசர மாத்திரையும் இருக்கும். அவள் மணமான மகளும் அறிவாள், மருமகனும் அறிவார். சென்ற ஆண்டு அப்பெட்டியைத் திறந்து காட்டி, “அண்ணா, அம்மாவுக்கு ஒரு டின்தான் இருந்தது” என்றாள். நான் மறுமொழி கூற இயலாமல் நின்றேன்.

அரிசி டின்னிலிருந்து அலமாரிவரை வந்த இத்தொலைவே இக்கட்டுரை கூறப் புகுந்த வரலாறு. அரசுகள் திட்டங்களை மாற்றின. அறிஞர்கள் மருந்தைச் செம்மைப்படுத்தினர். ஆயினும், அம்மருந்து வீட்டில் இருக்கும் இடத்தை முடிவுசெய்வது வீட்டாரின் அறிவும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையுமே. ஒளித்து வைத்த மருந்து அடுப்புக்குப் போயிற்று. அறிந்து வைத்த மருந்து வேண்டியபோது கைக்கு வரும். ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றை நாணமின்றி, நாகரிகத்தோடு அடுத்த தலைமுறைக்குச் சொல்வோமாக.