டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

மூணாறு போய்வந்தவர்கள் எல்லாரும் டாப் ஸ்டேஷனில் நின்று படம் எடுத்து அனுப்புகிறீர்கள். சரி, அங்கே ஸ்டேஷன் எங்கே என்று யாராவது தேடினீர்களா? :-) இருந்தது. ரயிலும் இருந்தது.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுபோக குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மோனோரயில் போட்டார்கள். இழுத்தவை மாடுகள்! யூயிங் முறை என்று பெயர். சாலையோரம் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரங்கள் அதன்மேல் ஓடும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். பாரத்தில் பெரும்பங்கு தண்டவாளத்துக்கு. ஓரச் சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

காருக்குப் புது வீல் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடும். விட்டமும் போல்ட் துளைகளும் பொருந்தினால் போதாது, ஆஃப்செட்டும் பொருந்தவேண்டும். அதாவது, வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். அது மாறினால் டயர் வெளியே துருத்தும், இல்லையென்றால் உள்ளே உரசும். பேரிங்கில் பாரம் விழும் இடமும் மாறிப்போகும். யூயிங் வண்டியிலும் கேள்வி இதேதான்: பாரம் எந்தக் கோட்டில் இறங்குகிறது?

சிக்கனமான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் ஓரச் சக்கரம் சாலையை நம்பி ஓடுகிறது. இடுக்கி மழையில் மலைச்சாலை என்ன கதியாகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டுமா? 1908-ல் இரண்டு தண்டவாளம், 2 அடி அகலம் (610 மி.மீ.) என்று மாற்றினார்கள். ஒற்றைத் தண்டவாளச் சக்கரம் அதற்கு உதவாது.

டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும் (பாட்டம் ஸ்டேஷன் அதுதான்). அங்கிருந்து கட்டை வண்டியில் போடி. ஒரே பெட்டிக்கு ரயில் சக்கரம், கம்பிவடம், வண்டிச் சக்கரம்! தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஜனங்கள்.

1924 ஜூலை வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு அது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்') பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவேயில்லை. போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

மூணாறில் அந்த வண்டியைப் பார்க்க வழியில்லை. ஆனால் அதே யூயிங் முறையில் 1907 முதல் 1927 வரை பாட்டியாலாவில் ஓடிய ரயில், நீராவி எஞ்சினோடு, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. லீவில் டெல்லி வழியாகப் போனால் பிள்ளைகளுக்கு அந்த ஓரச் சக்கரத்தைக் காட்டுங்கள்.