கடைத்தெருவும் படைக்கலமும்

துப்பாக்கியைப் பிறர் காணத் தோளிலோ இடுப்பிலோ தாங்கிக் கடைக்குள் நுழையலாமா என்பது அமெரிக்க நாட்டில் ஓயாத வழக்கு. 1791-இல் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்ந்த இரண்டாம் திருத்தம் படைக்கலம் தாங்கும் உரிமையைக் காக்கின்றது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரின் வால்மார்ட் கடையொன்றில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னர், துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கி வரவேண்டா என்று அந்நிறுவனமே வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டது. நம் நாட்டில் இவ்வினா அரிதாகவே எழுகின்றது. நாம் பிறவியிலேயே படைக்கலம் அறியாதவர் என்பதா காரணம்? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மதுரைக்காஞ்சி பாடும் நகரில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. இரவிற் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளரும் கணையோடு தோன்றுகின்றனர். பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல் அவர்தம் பொறுப்பாயிற்று. வேலும் வாளும் வளரியும் தென்னாட்டில் பழகிய கருவிகளாயிருந்தன.

1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விடுத்த அறிக்கை, பாளையங்களில் படைக்கலப் பயன்பாட்டை ஒடுக்கியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பின்னர் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பிறந்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு! கள்வருக்கு அஞ்சி இயற்றிய சட்டமாயின் இவ்வேற்றுமை எதற்கு? ஆள்வோர் குடிகளுக்கு அஞ்சினர் என்பதே உண்மை.

இந்த இழிவை நம் தலைவர்கள் மறக்கவில்லை. 1931-இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியலமைப்பிற் சேர்க்க வேண்டுமென வாதாடினார். அங்ஙனமாயின் வழக்கமாகக் குற்றம் புரிவோரும் அவ்வுரிமையைக் கோருவரே என்று அம்பேத்கர் மறுத்தார். சபை காமத்தின் திருத்தத்தை ஏற்கவில்லை. அமைதியாகவும் படைக்கலமின்றியும் கூடும் உரிமையையே 19-ஆம் பிரிவு நமக்கு வழங்கியது.

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்றோரும் திருவிழாவிற்கோ கல்விக்கூடத்திற்கோ துப்பாக்கியைத் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லலாகாது என்பது உரிம நிபந்தனை. பொது இடத்தில் அதனை உறையினுள் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும் என்றும், எடுத்துக் காட்டி மிரட்டலாகாது என்றும் 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1962-இலேதான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறக்கத் தொடங்கியது. 1956-இல் நிறுவனம் தோன்றிய பின், பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் இந்நகரியத்திற் குடியேறினர். முன்பின் அறியாதவர் அருகருகே நின்று அரிசியும் துணியும் வாங்கினர். அவர்களுள் ஒருவர் துப்பாக்கி தாங்கி நின்றால், விலை பேசுவோரின் குரல் தாழும். கடைக்காரர் நியாயத்தை எண்ணார், துப்பாக்கியையே எண்ணுவார்.

படைக்கலமில்லாதவன் கள்வனுக்கு இரையாவானே என்று கேட்பீர்கள். தகுந்த கேள்விதான். சுரங்கத்தைக் காக்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் துப்பாக்கி தாங்குகின்றனர் அல்லவா? ஆயின் அத்துப்பாக்கிக்குக் கணக்கு உண்டு. தாங்குபவருக்கு மேலதிகாரி உண்டு. தவறினால் விசாரணை உண்டு. கடைத்தெருவில் தனி ஒருவர் தாங்கும் துப்பாக்கிக்கு அவ்விடத்தில் அவர் மனமே கணக்கு. அவர் சினமே அதிகாரி. குடிமக்களிடம் படைக்கலத்தை விலக்கச் சொல்லும் அரசு, அவர்களைக் காக்கும் கடமையிலிருந்து ஒருபோதும் தவறலாகாது என்பதும் இதனுள் அடங்கும்.

மாணவ நண்பர்களே! 1801-இல் நம் படைக்கலம் பறிக்கப்பட்டது. 1948-இல் நம் பிரதிநிதிகள் கூடி விவாதித்து, படைக்கலமின்றிக் கூடுவதைத் தேர்ந்தனர். வெறுங்கை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் முன்னது அடிமைத்தனம். பின்னது குடிமைப் பண்பு. எந்தச் சட்டத்தைப் படிக்கும்போதும், அதை இயற்றியவர் யார், யாருக்கு அஞ்சி இயற்றினர் என்று கேளுங்கள். வரலாற்றுக் கல்வியின் முதற்பயன் அதுவே.