காசோலையின் அடியில் காந்த எண்கள்

உங்கள் வீட்டில் காசோலைப் புத்தகம் இருந்தால் ஒரு தாளின் அடிப்பகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். சில கோடுகள் மெலிந்தும் சில பருத்தும், விநோதமான வடிவில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். அழகுக்காக அப்படி அச்சிடவில்லை. அந்த மையில் இரும்பு ஆக்சைடுத் தூள் கலந்திருக்கிறது.

காசோலை எந்திரத்துள் ஓடும்போது முதலில் ஒரு காந்தத்தைக் கடக்கிறது, எண்கள் காந்தமேறுகின்றன. அடுத்து ஒரு கம்பிச் சுருளைக் கடக்கின்றன. காந்தப் பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831-இல் ஃபாரடே கண்டாரல்லவா? அதே விதிதான் இங்கும். ஒவ்வோர் எண்ணிலும் மை பரவியிருக்கும் விதம் வேறு. எனவே எழும் மின்னலையின் வடிவமும் வேறு. எண்ணின் மேல் முத்திரை குத்தினாலும், பேனா மை சிந்தினாலும் எந்திரம் ஏமாறாது. அவற்றில் காந்தம் இல்லையே!

ஒன்பது இலக்கங்களாக உள்ள பகுதியில் முதல் மூன்று ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னைக்கு 600.

இதற்கு என்ன அவசியம் வந்தது? வரதராஜன்பேட்டை முந்திரி வியாபாரி ஒருவருக்குச் சென்னைக் கடைக்காரர் காசோலை கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் அது தபாலில் சென்னைக்குப் போகும். அங்கே தீர்வகத்தில் வங்கி ஊழியர்கள் கூடி, கட்டுக் கட்டாகக் காசோலைகளைக் கையால் பிரித்து மாற்றிக்கொள்வார்கள். பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வியாபாரியோ அதற்குள் கடன் வாங்கித்தான் அடுத்த கொள்முதலைச் செய்யவேண்டும்.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது நாட்டில் இருந்த கிளைகள் 8,262. 1983-இல் அவை 40,000-ஐத் தாண்டிவிட்டன. கணக்கெழுதும் முறை மட்டும் மாறவில்லை. பேரேடு, பேனா, விரல்விட்டு வட்டிக் கணக்கு. பல கிளைகளில் பேரேட்டைச் சரிபார்க்கும் வேலை மாதக்கணக்கில் பின்தங்கிக் கிடந்தது.

1983-இல் ரிசர்வ் வங்கி இதை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர், அப்போது துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன். இவர் 1932-இல் நம் அரியலூரில் பிறந்தவர்; பின்னர் 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தார். பொருளாதாரப் பேராசிரியரான இவர் கையாண்டது முக்கியமாக எந்திரப் பிரச்சினையை அல்ல, மனிதப் பிரச்சினையை என்பது என் கருத்து. ஏனெனில் கணிப்பொறி என்ற சொல்லே அன்று ஊழியர்களுக்கு அச்சமூட்டியது. 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி நிறுவ முயன்றபோது ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. வேலை கிடைப்பதே அரிதான நாட்டில், எட்டுப் பேர் வேலையை ஒரு பெட்டி செய்யும் என்றால் யார்தான் பயப்படமாட்டார்கள்?

1983-இல் ஊழியர் சங்கங்களுடன் ஏற்பட்ட ஒப்பந்தம் வரையறைக்கு உட்பட்ட எந்திரங்களை மட்டும் அனுமதித்தது. கிளைக்கு வந்தது "மேம்பட்ட பேரேட்டுப் பதிவு எந்திரம்". உள்ளே இருந்தது நுண்செயலிதான். பெயரில் மட்டும் கணிப்பொறி இல்லை! 1984-இல் வந்த குழுவின் அறிக்கை மூன்று படிகளை வகுத்தது: கிளைகளில் இத்தகைய சிறு எந்திரங்கள், வட்டார அலுவலகங்களில் நடுத்தரக் கணிப்பொறிகள், தலைமையகத்தில் பெரியவை. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத காலத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரே மூச்சில் இணைப்பது நடக்காத காரியம். ஆகவே ஒவ்வொரு படியும் தனித்து இயங்கக்கூடியதாக இருந்தது. ஆமை வேகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் எந்திரத்தை இறக்கிவிட்டு, அதைத் தொட ஆளில்லாமல் உறை போட்டு மூடி வைப்பதைவிட இது மேல்.

காந்த எண் முறை 1986-இல் பம்பாயில் தொடங்கி, சென்னை, டில்லி, கல்கத்தாவுக்கும் சில ஆண்டுகளில் பரவியது. மீண்டும் ரங்கராஜன் தலைமையில் அமைந்த இரண்டாவது குழு, 1989-இல் தந்த அறிக்கையில் பெருங்கிளைகளை முழுமையாகக் கணிப்பொறிமயமாக்கச் சொன்னது. 1993 அக்டோபரில் சங்கங்களுடன் ஏற்பட்ட புதிய ஒப்பந்தம் அதற்கு வழிவிட்டது. காசோலைத்தாள் பயணம் செய்யாமல் அதன் படம் மட்டும் போகும் முறை 2008-இல் டில்லியிலும் 2011-இல் சென்னையிலும் வந்தது. படத்துடன் சேர்ந்து செல்வது, இன்றும் காந்த எண்களிலிருந்து படித்தெடுத்த விவரந்தான்.

இந்தப் படிவரிசைக்கு ஒரு விலையும் இருந்தது. வேலை மிகுந்த நகரக் கிளைகளுக்கே முதலிடம் என்றானதால், சிற்றூர்க் கிளைகளின் முறை கடைசியில்தான் வந்தது. நகரத்தில் பணம் எடுக்கும் எந்திரங்கள் வந்த பிறகும், பல சிற்றூர்களில் தடித்த பேரேட்டை இரு கையாலும் தூக்கி வந்துதான் நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள்.