தமிழில் எந்த வேதாகமம்?

ஆங்கிலம் கற்ற கிறிஸ்தவ அன்பர்கள் கூடுமிடத்து, ஆங்கில வேதாகமத் திருப்புதல்களுள் எது சிறந்தது என்னும் வாதம் எழுதல் வழக்கம். 1611இல் ஜேம்ஸ் மன்னர் ஆட்சியில் வெளிவந்ததே கம்பீரமானது என்பர் ஒரு சாரார். 1881இலும் 1885இலும் வெளிவந்த திருத்திய பதிப்பே மூலத்திற்கு இயைந்தது என்பர் மற்றொரு சாரார். இதே வாதம் தமிழிலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருவதை இவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்? டெங்கில் போன்ற தோட்டப்புறங்களிலும், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய நகர்ப்புறங்களிலும் வாழும் நாம் அச்சரித்திரத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியராகிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அங்கேயே அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு அதுவே. அதன் தமிழ் நடையை வீரமாமுனிவர் பழித்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் தொண்டாற்றிய பெப்ரீஷியஸ், புதிய ஏற்பாட்டை 1772இல் புதிதாக வெளியிட்டார். படித்தவர், படியாதவர் இருவருக்கும் வாசித்துக் காட்டி அவர் அதனைத் திருத்தினார் என்பர். கடவுளை அவர் "பராபரன்" என்றார். திருநெல்வேலியில் உழைத்த இரேனியஸ், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்துத் தெளிவான தமிழ் வேண்டுமென வாதாடினார். அவரது புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது.

நிற்க. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட திருப்புதலுக்குச் சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர் துணைபுரிந்தார். 1850இல் வெளிவந்த அந்நூலைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. இறுதியில் பவர் ஐயரைத் தலைவராகக் கொண்ட குழுவினர், பெப்ரீஷியஸின் நூலையே அடிப்படையாகக் கொண்டு, 1871இல் ஐக்கியத் திருப்புதலை முடித்தனர். "பராபரன்" போய்த் "தேவன்" வந்தார். லுத்தரன் சபையாரோ நெடுங்காலம் பெப்ரீஷியஸின் நூலை விட்டு அகலவில்லை.

இங்கு ஓர் உண்மை புலனாகும். அன்று புதுமையென்று தள்ளப்பட்ட பவர் ஐயரின் நூலே இன்று "பழைய திருப்புதல்" எனப் போற்றப்படுகிறது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் "சுவிசேஷம்" நற்செய்தியாயிற்று, "ஞானஸ்நானம்" திருமுழுக்காயிற்று, "தேவன்" கடவுளானார். அதனைக் கண்டு, வேதத்தையே மாற்றிவிட்டார்கள் என்று குமுறுவோர் பலர். இங்கிலாந்திலும் 1611ஆம் ஆண்டு நூல் வந்தபோது, தாம் பழகிய 1560ஆம் ஆண்டு ஜெனீவா வேதாகமத்தை விட மறுத்தோர் பலர் இருந்தனர். ஆகவே பழமை என்பது காலத்தால் வருவதேயன்றிப் பரிசுத்தத்துக்கு அடையாளமன்று.

அங்ஙனமாயின் பழையதை எறிந்துவிடலாமோ? கூடாது. எழுத்தறியாத எத்தனையோ பாட்டிமார் சங்கீதங்களைக் கேட்டே மனனம் செய்துள்ளனர். மரணப் படுக்கையருகே அவர்களுக்குப் பழகிய சொல்லே ஆறுதல் தரும். அதைப் பறிப்பது இரக்கமற்ற செயல். ஆனால் மலாய்ப் பள்ளியில் பயின்று, வீட்டுத் தமிழ் மட்டுமே அறிந்த நம் பிள்ளைகள் "உபாகமம்" என்ற தலைப்பிலேயே தடுக்கி நிற்கின்றனர். அவர்கள் கையில் பழைய நூலை மட்டும் கொடுத்து, "விளங்காவிடினும் வாசி" என்பது, அறியாத பாஷையில் மந்திரம் ஓதி மக்களை மயக்கிய புரோகிதத்துக்கு எவ்வகையில் வேறானது? ஜனங்களின் மொழியில் வேதத்தைத் தந்த குற்றத்திற்காகவன்றோ இங்கிலாந்தின் திண்டேல் 1536இல் உயிரிழந்தார்!

எனவே நாம் கூறுவது இதுவே: முதியோர் முன் பழையதை வாசியுங்கள், சிறுவர்க்குப் புதியதைப் படிப்பியுங்கள், ஐயம் எழுமிடத்து இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஆங்கிலம் அறிந்தோர் அதன் பின்னரே ஆங்கில நூலைத் திறக்கட்டும். எதை வாசிப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை குருமாருக்கு மட்டும் உரியதன்று. பால்மரத்தடியில் உழைத்து ஓய்ந்தவனுக்கும் அது உண்டு. அவனுக்கு விளங்கும் தமிழே அவனுக்குரிய வேதத் தமிழ்.