சேம அச்சும் பின்சக்கரப் பேரிங்கும்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். அரசிளங்குமரனுக்கு அவர் தேடிய உவமை சிங்கமும் அன்று, ஞாயிறும் அன்று. உப்பு வணிகரின் வண்டிக்கு அடியில் கட்டப்பட்ட ஒரு மரத்துண்டு. எருதுகள் நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய சுமையோ பெரிது. வழியில் பள்ளமும் உண்டு, மேடும் உண்டு. எங்கே அச்சு முறியுமென்று யார் அறிவார்? ஆகவே உமணர் மாற்று அச்சு ஒன்றையும் உடன் கொண்டுசென்றனர். அதுவே 'சேம அச்சு'. தந்தைக்குப்பின் நாட்டைத் தாங்க ஆயத்தமாக நிற்கும் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. திருவள்ளுவரும் உருவு கண்டு எள்ளாமை வேண்டும் என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியையே சான்றாகக் காட்டினார் என்பதை வாசகர்கள் அறிவர்.

நம் புலவர்களின் கண்கள் ஏன் தேரின் கொடியைவிட அச்சையே நாடின? காரணம் எளிது. வண்டியில் அசையாத பாகமும் சுழலும் பாகமும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. கட்டைவண்டியில் அச்சு சுழலாது. சக்கரத்தின் குடமே அச்சின்மேல் வழுக்கிச் சுழலும். சுமை முழுவதும் அந்தச் சிறு பரப்பில் அழுந்த, உராய்வினால் அச்சும் குடமும் தேய்கின்றன. அதைத் தணிக்க நம்மவர் இட்டது மசகு. வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மசகு ஆயிற்று. மசகு வற்றினால் சக்கரம் கிறீச்சிடும். வண்டிக்காரர் அந்த ஒலியைக் கேட்டதும் இறங்கி மையிடுவார். நோயறிதலும் மருந்தும் ஒரே ஆளின் கையில் இருந்தன.

வழுக்குவதைவிட உருள்வது எளிது என்பதே பேரிங்கின் தத்துவம். அச்சுக்கும் குடத்துக்கும் இடையே உலோகப் பந்துகளை வைத்துவிட்டால் உராய்வு பெருமளவு குறையும். 1794ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்கு இத்தகைய அமைப்பைக் கண்டு காப்புரிமை பெற்றார். ஆனால் பந்துகளை ஒரே அளவில், பிசிறின்றி உருட்டியெடுக்கும் கருவி அன்று இல்லை. 1869இல் பாரிஸ் நகர மிதிவண்டித் தொழிலாளர் ஜூல் சுரிரே பந்துப் பேரிங்கை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் பிரீட்ரிக் ஃபிஷர் எஃகுப் பந்துகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை அமைத்த பின்னரே பேரிங் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஜெய்ப்பூரில் 1946இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையிலிருந்து 1950 முதல் பேரிங்குகள் வெளிவரலாயின.

இன்னொரு செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. நாம் மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கும் 'ஸ்டெப்னி' என்னும் பெயர், 1904இல் அதே கார்மார்தன் வட்டாரத்து லனெல்லி ஊரின் ஒரு தெருவிலிருந்து புறப்பட்டது. பேரிங்கும் ஸ்டெப்னியும் அண்டை ஊர்களில் பிறந்தன; ஆனால் 'ஸ்டெப்னி'யின் கருத்தை நம் உமணர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வண்டியின் அடியில் கட்டிவிட்டனர்.

இனிச் செட்டிநாட்டுக்கு வருவோம். இருப்புப்பாதையும் மோட்டாரும் வருமுன் இவ்வட்டாரத்துப் பெருவீடுகளின் பர்மாத் தேக்கும் பளிங்கும் உள்நாட்டுச் சாலைகளை மாட்டுவண்டியிலேயே கடந்தன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மதுரையை இருப்பிடமாகக் கொண்டு டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். பின்னாளில் ரப்பர் டயரும் பேரிங்கும் பூட்டிய 'டயர் வண்டி'கள் வந்து மசகின் வேலையைக் குறைத்தன. 1980இல் அதே டி.வி.எஸ். குழுமத்தின் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 'டி.வி.எஸ். 50' வெளிவந்தது. இருவர் ஏறிச் செல்லத்தக்க அந்தச் சிறு வண்டியின் வழித்தோன்றல்களே இன்று காரைக்குடியின் கடைத்தெருவில் அரிசி மூட்டையும் காய்கறிக் கூடையும் சுமக்கின்றன. அன்றைய உமணரின் சகடம் செய்த வேலை இப்போது பின்சக்கரத்தின் இரண்டு சிறு பேரிங்குகளின் தலையில் விழுந்திருக்கிறது.

அவற்றைக் கெடுப்பவை மூன்று: அளவுக்கு மீறிய சுமை, செம்மண் புழுதி, வண்டியைக் கழுவும்போது அச்சுப்பக்கம் பீய்ச்சியடிக்கும் நீர். நீர் புகுந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கெட்டு எஃகு துருப்பிடிக்கும். பந்து ஓடும் தடம் குழிவிழும்.

தேய்ந்ததை அறிவது எப்படி? வண்டிக்காரரின் முறையே இன்றும் முறை: முதலில் காது. வேகம் ஏற ஏற ஒரு முனகல் எழும். ஓடும்போதே ஆக்ஸிலேட்டரை முழுதும் தளர்த்தி உருளவிட வேண்டும். எஞ்சின் ஒலி அடங்கியபின்னும் முனகல் தொடர்ந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை. அடுத்தது கை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தபின், பின்சக்கரத்தை இருபுறமும் பற்றி இடவலமாக அசைக்க வேண்டும். 'கடக்' என்று ஆட்டம் தென்பட்டால் பேரிங்கை ஐயுறலாம். பிரேக் உரசலும் இறுகிய செயினும் இதே போன்ற ஒலி தரும். அவற்றை முன்னதாக விலக்கிக்கொள்ள வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுழற்றினால் போதும். நல்லது வழுவழுவென்று ஓடும். கெட்டது மணல் கலந்ததுபோல் நெறநெறக்கும்.

மாற்றுவதும் வீட்டு முற்றத்தில் இயலும் வேலையே. எண்ணெய்ச் சீலை நெம்பி எடுத்து, இரு பேரிங்குகளுக்கும் நடுவே உள்ள இடைக்குழலைச் சற்று ஒதுக்கி, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கம்பியை உள்வளையத்தின் விளிம்பில் வைத்து, சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்டினால் பழையது வெளிவரும். அதன் பக்கத்தில் பொறித்த எண்ணே கடையில் கேட்க வேண்டிய பெயர். 6202 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்திருந்தாலும் இவ்வளவு மாறாது. சேம அச்சைத் தச்சர் வண்டிக்கேற்பச் செதுக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை ஓர் எண் செய்கிறது.

புதியதைப் பூட்டும்போது மறவாமல் காக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. வெளிவளையத்தின்மேல் மட்டுமே தட்ட வேண்டும்; உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி பந்துகளின் வழியே சென்று தடத்தில் பள்ளமிடும். புதிய பேரிங் பூட்டிய அன்றே நோயாளியாகிவிடும். பழைய பேரிங்கையே இடையில் வைத்துத் தட்டுவது எளிய வழி. ஆனால் அது குடத்துக்குள் சிக்கும் ஆழத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பேரிங்குக்கு முன் இடைக்குழலை மீண்டும் வைக்க மறந்தால், அச்சு நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்குண்டு இரண்டும் விரைவில் கெடும். ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்றுவதே முறை. சீலும் புதிதாக இருத்தல் நன்று.

மூடிய பேரிங் நமக்குத் தந்த நலம் பெரிது. நாள்தோறும் மையிடும் வேலை ஒழிந்தது. ஆனால் அதனோடு, அச்சைக் குனிந்து பார்க்கும் பழக்கமும் ஒழிந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கவனிப்பார் இல்லை. முனகல் அலறலாகி, சக்கரம் தள்ளாடி, சுமையோடு செல்பவர் நடுச்சாலையில் சாயும் நிலை வரும்போதே நினைவு வருகிறது. பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தாய்க்கு இது வெறும் இயந்திரச் செய்தி அன்று. எங்கே முறியுமென்று யார் அறிவார் என்ற உமணரின் கேள்வி இன்னும் பழமையடையவில்லை. அவர்கள் அதற்கு விடையாக ஓர் அச்சைக் கட்டிச் சென்றார்கள். நமக்கு விடையாக, மாதம் ஒருமுறை சக்கரத்தைப் பற்றி அசைத்துப் பார்க்கும் ஒரு நிமிடம் போதுமானது.