பரியும் எண்ணும்

நளன் கதையைக் கேட்டறியாத தமிழர் இலர். நாடிழந்து, உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனுக்குத் தேர்ப்பாகனாய் இருந்த நளன், ஒருநாள் அம்மன்னனை ஏற்றிக்கொண்டு தேரைக் காற்றினும் கடிதாய்ச் செலுத்துகிறான். வழியில் நின்ற தான்றி மரமொன்றைக் கண்ட மன்னன் இருதுபன்னன், அதன் காய்களின் தொகையைப் பார்த்த அளவிலேயே சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். தொகை பொருந்தி நிற்கிறது. வியப்புற்ற நளன் தனது பரிநூல் மறையை மன்னனுக்குக் கொடுத்து, அவனுடைய எண்ணூல் மறையை மாற்றாகப் பெற்றுக்கொள்கிறான். குதிரையை அறிந்தவன் எண்ணை அறியாமையால் சூதில் தோற்றான் என்பதும், எண்ணைக் கற்ற பின்னரே இழந்ததை மீட்டான் என்பதும் அக்கதையின் உட்கிடை.

பரியறிவும் எண்ணறிவும் ஒருங்கே வேண்டப்படும் இடம் இக்காலத்தில் ஒன்று உண்டு. அதுவே குதிரைப் பந்தய மைதானம். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, பெங்களூர் முதலிய நகரங்களில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் நம்மவருள், பந்தய நாளன்று ரேஸ் புத்தகமும் பென்சிலுமாய் அமர்ந்திருப்போரை நேயர்கள் கண்டிருத்தல் கூடும். ‘எந்தக் குதிரை வெல்லும்?’ என்று கேட்பதே அவர்களுள் பெரும்பாலோர் வழக்கம். ‘ஒவ்வொரு குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?’ என்பது வேறொரு வினா. அதனினும் கடினமான வினா. அதற்கு விடை காண மனிதர் முயன்ற வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டில் இப்பந்தயம் ஆங்கிலேயரோடு வந்தது. சென்னைக் கிண்டியில் 1777-ஆம் ஆண்டிலேயே அது தொடங்கிற்று என்பர். கல்கத்தா டர்ப் கிளப் 1847-இல் அமைந்தது. பம்பாய் மகாலட்சுமி மைதானம் 1883-இல் எழுந்தது. அந்நாளில் ஓடியவற்றுள் அரபுக் குதிரைகள் மிகுதி. அவை கப்பலேறிப் பம்பாய்த் துறையில் இறங்கின. வாங்குவோர் பல்லைப் பார்த்து வயதையும், காலைப் பார்த்து உறுதியையும், மார்பைப் பார்த்து மூச்சையும் மதித்தனர். பாண்டியர் கடல்வழியே பரிகளை வருவித்த காலத்திலும் இக்கண் மதிப்பே வழக்கில் இருந்திருத்தல் வேண்டும். கண் மதிப்புக்கு ஒரு குறை உண்டு. ‘இது நல்ல குதிரை’ என்று அது கூறுமேயன்றி, ‘அதனைவிட இஃது இவ்வளவு நல்லது’ என்று அளந்து கூற அதனால் இயலாது.

அந்த ‘இவ்வளவு’ என்பதை எடையால் அளக்கலாம் எனக் கண்டதே இத்துறையின் பெருந்திருப்பம். வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் பளுவை ஏற்றினால் அதன் வேகம் குறையும். எவ்வளவு பளுவை ஏற்றினால் அது மெலிந்த குதிரையோடு சமமாய் ஓடுமோ, அப்பளுவே இரண்டிற்கும் இடையேயுள்ள தர வேறுபாட்டின் அளவு. இக்கருத்து முன்னரே இருந்ததாயினும், அதனை ஓர் ஒழுங்கான முறையாக்கியவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹென்றி ரௌஸ் (1795–1877) என்பவர். கடலை விட்டு இறங்கிய பின் தம் வாழ்நாளைப் பந்தயத்துக்கே ஒப்புவித்த அவர், 1855 முதல் குதிரைகளுக்கு எடை வகுக்கும் பொதுப்பணியை ஏற்றார். எந்த வயதுக் குதிரை எந்த மாதத்தில் எத்தனை தூரத்துக்கு எவ்வளவு எடை சுமத்தல் நியாயம் என அவர் வகுத்த அட்டவணையின் வழிவந்தவையே இன்றைய அட்டவணைகள்.

அவருடைய கணிப்பின் நுட்பத்துக்குச் சான்றாக 1851-ஆம் ஆண்டு மே மாதம் யார்க் நகரில் நிகழ்ந்த போட்டியைக் கூறுவர். பிளையிங் டச்சுமன் என்பது 1849-இன் டெர்பி வெற்றிக் குதிரை. வோல்டிஜர் என்பது 1850-இன் டெர்பி வெற்றிக் குதிரை. அதுகாறும் தோல்வியே அறியாத டச்சுமனை, வோல்டிஜர் 1850-இல் டான்காஸ்டர் கோப்பையில் மிகுந்த எடைச் சலுகையோடு ஓடி வென்றுவிட்டது. இரு பக்கத்தாரும் தத்தம் குதிரையே மேல் என வாதிட்டனர். தலைக்கு 1,000 கினி பணயமாக வைத்து மறுபோட்டிக்கு நாள் குறித்தனர். எடை வகுக்கும் பொறுப்பு ரௌஸிடம் வந்தது. ஒரு வயது மூத்த டச்சுமன், வோல்டிஜரைவிட எட்டரை ராத்தல் கூடுதலாய்ச் சுமக்க வேண்டும் என அவர் தீர்ப்பளித்தார். அஃது ஏறத்தாழ நான்கு கிலோ. பெருந்திரளான மக்கள் முன்னிலையில் இரண்டு மைல் ஓடிய பின், டச்சுமன் ஒரே ஒரு குதிரை நீள இடைவெளியில் வென்றது. இரண்டு மைலில் ஒரு நீளம்! இருபெரும் குதிரைகளை அவற்றின் முன்னைய ஓட்டங்களைக் கொண்டே இவ்வளவு நெருக்கமாய் நிறுத்தியது எளிய செயலன்று.

இம்முறைக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் ‘ஹாண்டிகாப்’ என்பது. மொழிபெயர்ப்பே தொழிலாய்க் கொண்ட நமக்கு இச்சொல் தொல்லை தருவதொன்று. அகராதியைப் புரட்டினால் ‘ஊனம்’, ‘இடையூறு’ என்னும் பொருள்களே முன்வந்து நிற்கும். பந்தயத்துக்கு அவை பொருந்தா. சொல்லின் பிறப்பு வேறு. இருவர் தம் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பியபோது, மூன்றாமவர் ஒருவர் நடுநின்று விலை வேறுபாட்டை மதித்துக் கூறுவதும், மூவரும் பணயப் பணத்தைத் தொப்பியில் இட்டு, இருவரும் தொப்பிக்குள் கைவிட்டுத் தம் இசைவைக் காட்டுவதும் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு விளையாட்டாய் இருந்தன. ‘தொப்பியில் கை’ என்பதே மருவி அச்சொல் ஆயிற்று. ஆகலின் அதன் வேர்ப்பொருள் ஊனமன்று, நடுவர் மதிப்பீடே. ‘எடைநிகர்’ என்று தமிழில் வழங்கினால் குற்றமில்லை என்பது நம் கருத்து.

இன்று நம் நாட்டு மைதானங்களிலும் இம்முறையே நிலவுகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தர எண் உண்டு. ஓர் எண் வேறுபாட்டுக்கு அரைக் கிலோ எடை. அறுபது எண் பெற்ற குதிரையும் ஐம்பது எண் பெற்ற குதிரையும் ஒரே பந்தயத்தில் ஓடினால், முன்னது ஐந்து கிலோ கூடுதலாய்ச் சுமக்கும். வென்றால் எண் உயரும், தோற்றுவந்தால் தாழும். ஜாக்கியின் உடல் எடையும் சேணமும் போதாவிடில் ஈயத் தகடுகளைச் சேர்த்து நிறுத்து அனுப்புவர். இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். எடை வகுப்பவர் தம் பணியில் முழு வெற்றி பெற்றால், எல்லாக் குதிரைகளும் ஒரே வரிசையில் வந்து முடியும். எதற்கும் தனிச்சிறப்பு இராது. ஆதலால் பணம் கட்டுவோர் தேடுவது உண்மையில் சிறந்த குதிரையையன்று. எடை வகுப்பவர் எங்கே தவறினார் என்பதையே.

அத்தவறு எங்கெங்கே ஒளிந்திருக்கும்? தர எண் சென்ற ஓட்டங்களைக் கொண்டு அமைவது; குதிரையோ உயிருள்ளது. சென்ற திங்கள் நோயுற்றிருந்தது இன்று தேறியிருக்கும். மூன்று வயதுக் குதிரை ஈராறு வாரங்களில் வளர்ந்துவிடும். ஆயிரம் மீட்டரில் மூச்சு வாங்காத குதிரை இரண்டாயிரம் மீட்டரில் தளரும். புனேயில் மழைக்காலத்துப் பந்தயத்தில் தரை நெகிழ்ந்திருக்கும். அஃது எல்லாக் குதிரைக்கும் ஒவ்வாது. தரையின் இறுக்கத்தைக் கருவியால் அளந்து எண்ணாகவே வெளியிடுகின்றனர். புறப்படும் வாயில் உள்ளே அமைந்ததா வெளியே அமைந்ததா என்பதும், குறுந்தூர ஓட்டத்தில் ஒரு பொருட்டு. காலைப் பயிற்சியில் அறுநூறு மீட்டரை எத்தனை நொடியில் கடந்தது, அப்போது ஜாக்கி அதனை முடுக்கினாரா இழுத்துப் பிடித்தாரா என்பவற்றையும் பத்திரிகைகள் தருகின்றன. ஒரு நாளில் ஆறேழு பந்தயங்கள்; பந்தயத்துக்குப் பத்துக் குதிரைகள். இவ்வளவையும் முறையாய் ஆராய்பவர் முந்தைய நாள் மாலையிலேயே அமர வேண்டும். இதனை வெறும் குருட்டு யோகம் என்பார் இவ்வேலையைச் செய்து பாராதவரே.

எனினும் அறிவு இருந்தால் பொருள் வந்துவிடுமோ? இங்கேதான் எண்ணூல் குறுக்கிடுகிறது. 1867-ஐ ஒட்டிப் பாரிஸ் நகரில் ஜோசப் ஓலேர் என்பவர் ஒரு புதுமுறை கண்டார். கட்டப்பட்ட பணம் முழுவதையும் ஒரு தொகுதியாக்கி, நிர்வாகப் பங்கைக் கழித்து, எஞ்சியதை வென்றவர்க்குப் பகிர்ந்தளிப்பதே அது. 1913-இல் நியூஸிலாந்தில் ஆக்லந்து மைதானத்தில் ஜார்ஜ் ஜூலியஸ் அமைத்த பொறி அக்கணக்கைத் தானே போட்டது. வாக்கு எண்ணுவதற்காக அவர் கருதிய பொறியே பந்தயத்துக்கு வந்தது என்பது சுவையான செய்தி. நம்மவர் ‘டோட்’ என்பது இம்முறையையே. இதில் ஒவ்வொரு குதிரையின் விலையையும் விதிப்பது எந்த நிபுணருமல்லர். பணம் கட்டும் கூட்டமே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பந்தயத்தில் மொத்தம் ரூ. 1,00,000 சேர்ந்தது எனவும், வரிக்கும் செலவுக்கும் ரூ. 20,000 கழிந்தது எனவும் கொள்வோம். நாம் விரும்பும் குதிரைமீது மட்டும் ரூ. 20,000 விழுந்திருக்கிறது. கூட்டத்தின் மதிப்பில் அதன் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. வென்றால் ரூபாய்க்கு நான்கு ரூபாய் கிடைக்கும். ஆனால் நட்டமின்றி இருக்க வேண்டுமானால் அதன் உண்மை வாய்ப்பு நான்கில் ஒன்றாதல் வேண்டும். அஃதாவது, கூட்டம் அறிந்த அளவுக்கு நாமும் அறிந்திருத்தல் போதாது. அதனினும் கால் பங்கு மேலாய் அறிந்தால்தான் கைம்முதலாவது மிஞ்சும். கூட்டமோ எளிதில் ஏமாறுவதன்று. கூட்டம் மிகுதியாய் நம்பும் குதிரை, ஏறத்தாழ மூன்று பந்தயங்களுக்கு ஒன்றில் வெல்வதைப் பல நாட்டுக் கணக்குகளும் காட்டுகின்றன. கூட்டத்தின் ஒரு குறையை மட்டும் 1949-இல் கிரிபித் என்னும் அமெரிக்க உளநூலார் கண்டு வெளியிட்டார்: வாய்ப்புக் குறைந்த குதிரைமீது தகுதிக்கு மேல் பணம் விழுகிறது. சிறு முதலில் பெருஞ்செல்வம் என்னும் ஆசை எங்கும் ஒன்றே. ஹாங்காங்கில் கணிப்பொறி கொண்டு பெரும்பொருள் ஈட்டிய பெண்டர் என்பவர், 1994-இல் தம் முறையை விளக்கி எழுதியபோது, தம் கணிப்போடு கூட்டத்தின் விலையையும் ஒரு சான்றாய்ச் சேர்த்துக்கொண்டமையைக் கூறினார். வல்லுநரே கூட்டத்தைப் புறக்கணிக்கவில்லை.

இவ்வாராய்ச்சி நீதிமன்றம் ஏறியது தமிழகத்தால். குடும்பங்கள் அழிகின்றன என்னும் காரணத்தால், பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 1974-இல் இயற்றியது. சென்னை ரேஸ் கிளப்பை அரசுடைமையாக்க 1986-இல் மற்றொரு சட்டம் வந்தது. நெடிய வழக்கின் முடிவில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புரைத்தனர். குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறனையே சார்ந்தது. ஆகவே அது சூதாட்டம் ஆகாது. தண்டனைப் பிரிவுகள் அதற்குப் பொருந்தா. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது. ‘மியர் ஸ்கில்’ என்னும் சட்டச் சொற்றொடருக்கு ‘பேரளவான திறன்’ என நீதிமன்றம் பொருள் கொண்டது. அதனை ‘வெறும் திறன்’ என யாரேனும் மொழிபெயர்த்தால் தீர்ப்பே தலைகீழாகும்.

தீர்ப்பில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. குதிரையின் திறன், ஜாக்கியின் திறன், பயிற்றுவிப்பவரின் திறன், பணம் கட்டுபவரின் மதிப்பீட்டுத் திறன் ஆகிய நான்கும் அங்கே ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. முன்னைய மூன்றும் மைதானத்தினுள்ளே உள்ளவை. நான்காவது, சாளரத்தின் முன் வரிசையில் நிற்பவனுடையது. அவனுக்கு எதிரே ஓடுவது குதிரையன்று, முன் கூறிய கால் பங்கு. திறன் உண்டு என்றது சரியே. அத்திறன் அவன் கைப்பொருளைக் காக்குமா என்னும் வினா நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் திறன் சார்ந்ததாயினும், வாய்ப்புச் சார்ந்ததாயினும், இரண்டும் கலந்ததாயினும் ஒன்றே என அது விதித்தது. மைதானத்துக் குதிரையைப் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த வேறுபாட்டுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.