கடலை மட்டும் கூண்டில் ஏற்றலாமா?

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் எழுந்தார். கடல் மட்டம் ஏறியது, பூம்புகார் மூழ்கியது, கதை முடிந்தது என்றார்; உட்கார்ந்துவிட்டார். நான் கேட்கிறேன், கடல் மட்டம் ஏறினால் பூம்புகாரில் மட்டுமா ஏறும்? தெற்கே கொற்கையில் ஏறாதா? (கைதட்டல்)

கொற்கை, பாண்டியனுடைய முத்துத் துறைமுகம். இன்றைக்கு அங்கே போய், "கடல் எங்கேங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பஸ் பிடிச்சுப் போகணும்" என்பார்கள். (சிரிப்பு) சுமார் 6, 7 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. ஆனால் மண்ணைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் வருது! ஒப்பிலக்கணம் எழுதினாரே கால்டுவெல், அவரே அங்கே தோண்டிப் பார்த்தவர். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறையும் தோண்டியது. கடல் விலக விலகத் துறைமுகமும் பின்னாலேயே ஓடியிருக்கு. கொற்கை போய்க் காயல் வந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல். அந்தப் பழைய காயலும் இன்று கடலோரத்தில் இல்லை. தாமிரபரணித் தாய் மலைமண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கரையையே வளர்த்துவிட்டாள்.

அப்படியானால் கடல் மட்டம் மாறவே இல்லையா? மாறியது ஐயா! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு பனி உருகி ஏறியது. அதே இராமேசுவரம் பக்கம், அலைக்கு மேலே செத்த பவளப்பாறை நிற்குது. பவளம் தண்ணீருக்கு வெளியே வளருமா? ஒன்று, கடல் அங்கே உயர்ந்து நின்று இறங்கியிருக்க வேண்டும்; அல்லது தரை எழும்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த 120 மீட்டர் ஏற்றமெல்லாம் சங்க காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துபோச்சு.

இப்போ பூம்புகாருக்கு வாங்க. அங்கே அலையடிக்கிற இடத்திலே உறைகிணறு கிடைச்சிருக்கு. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய நல்ல தண்ணிக் கிணறு. உப்புத் தண்ணி எடுக்க யாராவது உறை இறக்குவாங்களா? (சிரிப்பு) ஆக, கரை உள்ளே வந்தது உண்மை; நான் மறுக்கவில்லை. ஏன் வந்தது என்பதுதான் வழக்கு. காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடத்தில் போகுது. பூம்புகாருக்கு வருவது ஒரு வாய்க்கால் அளவு. மண் வராத கரையை அலை அரிக்கத்தானே செய்யும்?

எதிரணித் தலைவர் அவர்களே, கடலைக் கூண்டில் ஏற்றினீர்களே, காவிரியை ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? (பலத்த கைதட்டல்)